அருவியின் நுரையும் ஆழியும்



ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் விழத் தொடங்கியதும் மக்கள் குற்றாலத்தை நோக்கித் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். பேரருவியில் தலையைக் கொடுத்து நிற்பவர், உடம்பின் எண்ணெயும் சோப்பு நுரையும் இமைப்பொழுதில் அகன்றுவிடுவது கண்டு மகிழ்கிறார். அந்த நுரை எங்கே சென்றது என்று அவர் எண்ணுவதில்லை. இன்று அந்த நுரையின் பின்னே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

குற்றால அருவிநீர் சிற்றாறு என்னும் பெயரோடு தென்காசி நகரைக் கடக்கிறது. வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாகக் கிழக்கே சென்று, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணியோ மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளைத் தாண்டிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆகவே மலையடிவாரத்தில் வாழும் நாமும் ஒருவகையில் கடற்கரைவாசிகளே.

பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சிற்றாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். தேங்கிய நீரின்மேல் நீண்ட கால்களையுடைய பூச்சிகள் தரையில் நடப்பனபோல நடந்துகொண்டிருந்தன. ஒரு பையன் ஒன்றைப் பிடித்து ஏனத்து நீரில் விட்டான். அங்கும் அது நடந்தது. நான் சோப்பு நீரில் ஒரு சொட்டு விட்டேன். பூச்சி அமிழ்ந்துபோயிற்று. ஆரவாரம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் சட்டென அமைதியானார்கள். அதைக் கொன்ற பழி எனக்கு உண்டு. ஆயினும் பரப்பு இழுவிசையைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு விளங்கியிராது. நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் நிற்கிறது. சோப்பு அத்தோலின் கட்டைத் தளர்த்திவிடுகிறது. மீனின் செவுள்களை மூடிக் காக்கும் மென்படலத்தையும் அது கெடுக்கும்.

இனி, சோப்பைவிடப் பெரிய சுமை ஒன்று உண்டு. ஆற்றங்கரை ஊர்களின் சாக்கடை நீரே அது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு எருவாகின்றன. பாசி அளவின்றிப் பெருகி, பின் மடிந்து அழுகும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உண்டுவிட, மீன்கள் மூச்சுமுட்டி மடிகின்றன. கடலிலும் இதுவே நிகழ்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா, 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. அங்குள்ள பவளப் பாறைகளுக்குத் தெளிந்த நீரும் கதிரொளியும் வேண்டும். பாசி மூடினால் அவை நலியும். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடல் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் பச்சை நிறமாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு நம் ஆற்றின்மேல் பழி சுமத்துவது நீதியன்று. அவ்விடம் புன்னைக்காயலுக்கு வெகு வடக்கே உள்ளது. கடலுக்கும் மூச்சுமுட்டும் என்பதற்காகவே அதனைக் கூறினேன்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஆலைக்கு வாயிலும் பெயரும் உண்டு. கழிவு வெளிவரும் குழாயும் உண்டு. அக்குழாயின் வாயில் நின்று நீரை அளந்து பார்க்கலாம். ஆனால் அருவியில் ஆயிரவர் கையில் ஆளுக்கொரு ஷாம்பு பொட்டலம் இருந்தால் சட்டம் எந்தக் குழாயைப் பிடிக்கும்? ஆதலால்தான் 2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2025இல் பாபநாசம் ஆற்றங்கரைக்கு 500 மீட்டருக்குள் சோப்பும் ஷாம்பும் விற்கக் கூடாது என்றும் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்விரண்டில் பின்னதே நுட்பமானது என்பது என் எண்ணம். குளிப்பவர் ஒவ்வொருவரின் பையையும் காவலர் சோதிக்க இயலாது, கடையைச் சோதிக்கலாம்.

எண்ணெய்த் தடையில் மட்டும் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது நம் முன்னோர் வழக்கம். நானும் சிறுவயதில் அவ்வாறே குளித்தவன். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலால் பிழைத்த குடும்பங்கள் பல. தடை சரியே, ஆயினும் அவர்களுக்கு ஓடையைவிட்டு விலகிய இடமும் கழிவை வடித்தெடுக்கும் தொட்டியும் அமைத்துத் தருவது முறையன்றோ? மலைச்சரிவில் அதைக் கட்டுவது எளிதன்று என்பதை அறிவேன்.

அவ்வாறே, குளிப்பவரை மட்டும் கடிந்துகொண்டு சாக்கடையை மறந்துவிடலாகாது. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் திருநெல்வேலிக்கே வந்து, தாமிரபரணியில் கழிவுநீர் கலக்கும் இடங்களை நேரில் பார்வையிட்டனர். சாக்கடைக்கு உரியவர் யார் என்பது தெரியும். ஆகவே அங்குச் சட்டத்தின் வேலை எளிது. அந்த எளிய வேலையே நெடுநாள் நின்றுபோயிருந்தது.

சென்ற கார்த்திகையில் மழை ஓய்ந்தபின் அப்பூச்சிகளைத் தேடிச் சிற்றாற்றங்கரைக்குச் சென்றேன். ஊருக்கு மேற்கே, நீர் தேங்கிய ஒரு பாறைக்குழியில் ஏழெட்டு நடந்துகொண்டிருந்தன. ஊரைக் கடந்து, ஒரு சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கீழே அரை மணி நேரம் நின்றேன், ஒன்றுகூடத் தென்படவில்லை. ஒரே நாள் பார்த்ததை வைத்து முடிவு கூறுவது அறிவியலாகாது. தைப் பொங்கலுக்கு வரும் என் பேரனையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு மீண்டும் அவ்விரு இடங்களுக்கும் போவதாக இருக்கிறேன்.