சொந்த ரத்தத்தால் புண் ஆற்றும் ஊசி: புற்றுநோய் கண்டவர்களுக்கு ஆகுமா?



புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த இடத்திலும், கரண்டு வைத்த இடத்திலும் புண் லேசில் ஆறாது. "உங்க ரத்தத்தையே எடுத்து ஊசியாப் போட்டா ஆறிடும்" என்று யாராவது சொன்னால் வீட்டில் ஆசை வரத்தான் செய்யும்.

கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வேகமாகச் சுற்றுவார்கள். மோர் கடையும்போது வெண்ணெய் ஒதுங்குகிற மாதிரி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீர் தனியே பிரியும். டெங்கு வந்தால் எண்ணிப் பார்க்கிறார்களே, அதே தட்டணுதான். புதுச் சதையும் சிறு ரத்தக் குழாய்களும் வளரத் தூண்டுகிற பொருள்கள் அதில் உண்டு. ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் வயலில் யூரியா போட்டால் நெல் மட்டுமா எடுத்துக்கொள்ளுது? களையும் சேர்ந்து தின்னும். புற்று மிச்சம் இருந்தால் அதுவும் இந்தத் தூண்டுதலில் வளருமோ என்பதே டாக்டர்களின் ஐயம். இதனால் புற்று திரும்பியது என்று ஆய்வுகளில் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் நடந்த ஆய்வுகள் சிறியவை. ஆகவே புற்று இருக்கும் இடத்தில் இந்த ஊசி வேண்டாம். நோய் நீங்கியவருக்கும், புற்றுக்குப் பார்த்த டாக்டரே சம்மதித்தால்தான். மருந்து ஏற்றும் நாட்களில் தட்டணுவே குறைந்துபோகும். அப்போது எடுத்துப் பிரயோஜனமில்லை.

"சொந்த ரத்தம்தானே, என்ன பயம்?" என்பார்கள். ரத்தம் சொந்தம், சரி. ஊசி? அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து அழகு நிலையம் ஒன்றில் முகத்துக்கு இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-ல் அந்த நிலையத்தை மூடினார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஆறாத புண்ணே புற்றாக இருக்கலாம். வெத்திலை, புகையிலை போடுகிறவர் கன்னத்திலோ நாக்கிலோ மூன்று வாரமாகியும் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வெடித்த புண், இவற்றில் துளி சதை எடுத்துச் சோதிக்காமல் எந்த ஊசிக்கும் சம்மதிக்காதீர்கள். வலி இல்லையென்றால் ஆண்கள் வெளியே சொல்லமாட்டார்கள். மனைவிமார்தான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கணும். மார்பில் ஆபரேஷன் செய்த பெண்கள் புண்ணைக் கணவரிடம் காட்டவே கூசுகிறார்கள். ஐயா, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க.

புண்ணின் ஓரம் தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு பேருமாகப் போங்கள். முன்பு திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ வைத்தியம் பார்த்திருந்தால், அந்தச் சீட்டும் சதைச் சோதனை ரிப்போர்ட்டும் மறக்காமல் கையில் இருக்கட்டும்.