குரங்கின் இமையும் நம் பிள்ளைகளின் கையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று குரங்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! நம் செம்பனை ஓரத்தில் திரிகிறதே நீண்ட வால் குரங்கு, மலாயில் 'கெரா' என்பார்களே, அந்த இனம் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருக்கிறது. 1978-இல் இந்தியா தன் குரங்குகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இதற்குக் கிராக்கி கூடியது.

குரங்குக்கும் காசநோய் வரும். யார் கொடுப்பது? பெரும்பாலும் மனிதன்தான். அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும் குரங்குகளைக் குறைந்தது 31 நாள் தனியே வைத்து, இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை டியூபர்குலின் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியைக் கண் இமையில் போடுவது வழக்கம். கையில் போட்டால், பார்க்கும்போதெல்லாம் பிடிக்க வேண்டும், கடிபட வேண்டும். இமை வீங்கினால் கூண்டுக்கு வெளியே நின்றே தெரிந்துவிடும்.

நமக்கு முன்கையில் போடுகிறார்கள். ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் 1890-இல் டியூபர்குலினை நோய்க்கு மருந்து என்றுதான் அறிவித்தார். மருந்தாக அது தோற்றது, சோதனையாக நிலைத்தது. காசக் கிருமி முன்பே உடம்பில் புகுந்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் ஊசி போட்ட இடத்தில் கூடும். இரண்டு மூன்று நாளில் தோல் தடிக்கும். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, தடிப்பைத்தான் அளப்பார்கள்.

அம்மாமார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தடித்தால் 'பிள்ளைக்குக் காசம்' என்று அர்த்தமில்லை. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியாலும் தடிக்கலாம். அதனால்தான் எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். தடிக்காவிட்டால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. நோய் முற்றிய குரங்குக்குச் சில சமயம் இமை வீங்குவதே இல்லை. எதிர்க்கும் சக்தி ஓய்ந்துபோயிருக்கும். மெலிந்த மனிதருக்கும் அப்படி நேரும்.

பி.சி.ஜி. போட்டாச்சே, பிறகென்ன பயம் என்பீர்கள். தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானோரைச் சோதித்து, 15 ஆண்டு கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்துக்கு அது நல்ல காவல். ஆகவே போடாமல் விடாதீர்கள். 2020-இல் வந்த ஓர் ஆய்வில் அதே பி.சி.ஜி.யைக் குரங்குகளின் இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். பத்தில் ஒன்பது நோயை நன்றாகத் தாங்கின. மனிதருக்கு அப்படிப் போடும் வழக்கம் இன்னும் வரவில்லை.

லயத்தில் ஒருவருக்குக் காசம் என்றால் கிளினிக்கில் வீட்டாரை அழைப்பார்கள். சில வீடுகளில் பிள்ளையை ஒளித்து வைக்கிறார்கள். 'நாளைக்குப் பெண் கேட்டு எவன் வருவான்?' என்கிற பயம். எனக்கும் அது புரிகிறது. ஆனால் தூங்கும் கிருமிக்கு இன்று தடுப்பு மாத்திரை இருக்கிறது. எழுந்துவிட்ட நோயும் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். ஊசி போட்டுக்கொண்டு, அரைநாள் சம்பளம் போகுமே என்று திரும்பிக் காட்டாமல் இருப்பவர்கள் உண்டு. அளக்காத ஊசி போடாத ஊசி மாதிரிதான். இரண்டு, மூன்று நாளுக்குள் காட்ட வேண்டும். அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்குத் தாமதமாக வரட்டும். கடிதம்கூட வேண்டாம், என்னிடம் வாயால் சொன்னால் போதும்.