ஆவாரையா, பேயாவிரையா?



பட்டாபிராம் பக்கம் ஏரிக்கரையிலும் வேலி ஓரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற செடியையெல்லாம் 'ஆவாரை' என்று சொல்லிவிடுகிறோம். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் காயோடு ஒரு கிளையை ஒடித்து வந்து, "சார், இந்த ஆவாரங்கொட்டையை வறுத்துக் காப்பித்தூளில் கலக்கலாமாமே, பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்டார். இலையைக் கசக்கி முகர்ந்தேன். குப்பென்று நாற்றம். அது ஆவாரை இல்லீங்க, பேயாவிரை.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் சிறு குழந்தைகள் திடீர் திடீரென்று நினைவு தப்பி இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே பல வருஷம் நினைத்திருந்தார்கள். பேயாவிரைக் கொட்டையைத் தின்றதுதான் காரணம் என்று 2007-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மாடு தின்றாலும் தசை கெட்டு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும்.

எப்படி இனம் காண்பது? காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். ஆவாரையில் அங்கே காது மடல் போல அகலமான பச்சைச் செதில் இரண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன் விஞ்ஞானப் பெயரான 'ஆரிகுலாட்டா' என்பதும் இந்தக் காதைத்தான் குறிக்கிறது. பேயாவிரையில் அந்தக் காது கிடையாது. ஆவாரையின் சிற்றிலை சிறியது, முனை மழுங்கல், 8 முதல் 12 ஜோடி இருக்கும். பேயாவிரைக்கு 4, 5 ஜோடிதான். இலை பெரிது, நுனி கூர்மை. ஆவாரங்காய் காய்ந்தால் காகிதம் போலத் தட்டை. சந்தேகமாக இருந்தால் பறிக்கவே வேண்டாம்.

நல்ல ஆவாரையைக் கண்டுகொண்டால் அது பெரிய சொத்து. மத்தியதரைக் கடல் நாடுகளில் 'சுமாக்' என்ற செடியின் இலையைப் பொடித்து ஆட்டுத்தோல் பதனிட்டார்கள். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது ஆவாரம்பட்டை. பட்டையில் நூற்றுக்கு 18 பங்கு அளவுக்குத் துவர்ப்புச் சத்து உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போன தோலெல்லாம் ஒரு காலத்தில் இதில் ஊறியதுதான். அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, குரோம் உப்பு வந்தது, ஆவாரையைக் கேட்பாரில்லை.

ஆனால் வயலுக்கு அது இன்றும் வேண்டும். நாற்று நடுமுன் தழையை மிதித்துவிட்டால் நெல்லுக்கு நல்ல உரம். உவர் நிலத்துக்கு ரொம்ப நல்லது. தண்ணீரே ஊற்றாத வரப்பிலும் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும்; ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. பூவைக் காயவைத்துக் கஷாயம் வைக்கிறவர்கள் வைக்கட்டும், ஆனால் அதை நம்பி டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

நம் பக்கத்தில் வயல் எல்லாம் மனையாகிறது. பொக்லைன் வந்தால் முதலில் போவது கரை ஓரப் புதர்தான். தழைக்கு வெட்டும்போது வேரோடு பிடுங்காமல் கட்டையை விட்டு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும். முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மழை தொடங்கும்போது வரப்பிலே ஊன்றுங்கள். விதை எடுக்குமுன் அந்தக் காது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.