சகோதரன் என்ற பெயர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பழைய தமிழ்ப் படங்கள் பார்த்தவர்களுக்கு ஜாவர் சீதாராமன் என்ற பெயர் தெரிந்திருக்கும். 'ஜாவர்' என்பது அவருடைய ஊர்ப் பெயரும் அல்ல, குடும்பப் பெயரும் அல்ல. 1950ஆம் ஆண்டு, நமக்குப் பக்கத்திலேயே கோயம்புத்தூரில், பட்சிராஜா ஸ்டுடியோ தயாரித்த 'ஏழை படும் பாடு' படத்தில் அவர் ஏற்ற போலீஸ் அதிகாரி வேடத்தின் பெயர் அது. ஒரு படத்தில் போட்ட வேடம் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது புகழாக அமைந்தது. ஆனால் ஒருமுறை ஒட்டிய பெயரை உரிக்க முடியாமலே நொறுங்கிப்போகிறவர்களும் உண்டு. அந்தப் படத்தின் கதையே அப்படிப்பட்ட ஒருவருடைய கதைதான்.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட நாவல் அது. கவியோகி சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். ழான் வால்ழான் என்ற ஏழைத் தொழிலாளி, தன் அக்காவின் ஏழு பிள்ளைகள் பசியால் வாடும்போது ஒரு ரொட்டியைத் திருடுகிறான். அதற்கு ஐந்து ஆண்டு தண்டனை. தப்பியோட முயன்றதால் அது 19 ஆண்டுகளாக நீள்கிறது. சிறையில் அவனுக்குப் பெயர் கிடையாது. 24601 என்ற எண் மட்டும்தான். விடுதலையாகி வரும்போது கையில் ஒரு மஞ்சள் சீட்டு. அவன் யார் என்று தெரிந்ததும் சத்திரக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள்.

கடைசியில் மிரியேல் என்ற வயதான ஆயரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, தான் ஒரு சிறைக்கைதி என்று அவனே சொல்லிவிடுகிறான். உலகம் தன்னைப் பார்த்த பார்வையை அவனும் தனக்குள் வாங்கிக்கொண்டுவிட்டான். ஆயரோ அவனை "ஐயா" என்று மரியாதையோடு அழைக்கிறார். உன் பெயர் எனக்குத் தேவையில்லை, நீ சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று உனக்கு இருக்கிறது, அது சகோதரன் என்பதுதான் என்ற பொருள்பட அவனிடம் பேசுகிறார்.

அன்று இரவே அவன் அந்த வீட்டு வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீசார் பிடித்து இழுத்து வருகிறார்கள். ஆயர், இதெல்லாம் நான் கொடுத்ததுதான், வெள்ளி விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்கிறார். இந்த இடம் பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். மன்னிப்புப் பெற்று வெளியே போனவன், வழியில் ஒரு சிறுவனின் காசை மிதித்து மறைத்துப் பறித்துக்கொள்கிறான். சிறுவன் அழுதுகொண்டே போனபிறகுதான், தான் என்ன ஆகிப்போயிருக்கிறோம் என்பதை முதல்முறையாகப் பார்க்கிறான். 19 ஆண்டுகளாக அழாதவன் அப்போது அழுகிறான்.

சகோதரர்களே, இது நமக்குப் பெரிய ஆறுதல். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போய், அதே வாரத்தில் அதே குற்றத்தில் விழுந்து, "நானெல்லாம் திருந்தவே மாட்டேன் ஃபாதர்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விழுந்துவிட்டதால் பெற்ற மன்னிப்பு வீணாகிவிடுவதில்லை. அந்த மன்னிப்பின் வெளிச்சத்தில்தான் விழுந்தது கண்ணுக்கே தெரிகிறது.

கதை நம்மூர்ப் பக்கம் வருவது இதற்குப் பிறகுதான். வால்ழான் மதலேன் என்ற புதுப் பெயரோடு வேறோர் ஊருக்குப் போகிறான். கறுப்பு மணிகள் செய்யும் தொழிலில் ஒரு சிறு மாற்றம் கண்டுபிடித்து, செலவைக் குறைத்து, தொழிற்சாலை கட்டிப் பெரிய முதலாளி ஆகிறார். ஊரே பிழைக்கிறது. மேயராகவும் ஆகிறார். கைமடியாக வந்து, சிங்கர் மிஷினில் உட்கார்ந்து, பிறகு பத்து மிஷின் போட்டு, பனியன் கம்பெனி முதலாளியாக உயர்ந்தவர்களைப் பார்த்த திருப்பூருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆள் மாறிவிட்டார், கதை சுபமாக முடிந்தது என்றுதான் நினைப்போம். ஹ்யூகோ அங்கே முடிக்கவில்லை.

மதலேன் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம்; பெண்கள் நல்ல நடத்தையோடு இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஃபான்தீன் என்ற ஏழைப் பெண் அங்கே வேலை செய்கிறாள். திருமணமாகாத அவளுக்கு வேறோர் ஊரில் ஒரு குழந்தை வளர்கிறது என்று யாரோ துருவிக் கண்டுபிடித்துச் சொல்ல, பெண்கள் பகுதியின் மேற்பார்வையாளர் முதலாளியின் பெயரால் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார். முதலாளிக்கு விஷயமே தெரியாது. குழந்தைக்குப் பணம் அனுப்ப அவள் தன் கூந்தலை விற்கிறாள், முன்பற்களை விற்கிறாள், கடைசியில் தன்னையே விற்கிறாள். மன்னிப்பால் புதுவாழ்வு பெற்றவரின் கம்பெனி வாசலில்தான் இந்தப் பெண்ணின் வாழ்வு சரிந்தது.

நம் கம்பெனிகளிலும் விடுதிகளிலும் எத்தனை பிள்ளைகள், எங்கெங்கிருந்தோ வந்து தங்கியிருக்கிறார்கள்! தென் மாவட்டங்களிலிருந்து, ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து. யாரோ ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பினால், சனிக்கிழமை சம்பளத்தோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுவது சுலபம். கம்பெனியின் பெயர் காப்பாற்றப்படும். அந்தப் பிள்ளை அன்று இரவு எங்கே போனாள் என்று யார் கேட்பது? செக்கிங் மேசையில் ஓட்டை விழுந்த பீஸை ஒதுக்குகிறோம். அந்தத் துணிகூடச் செகண்ட்ஸ் என்று காதர்பேட்டையில் விலைபோகிறது. ஒதுக்கிவிட்ட மனிதரைக் கேட்பாரில்லை.

மதலேனுக்கு உண்மையான சோதனை இதற்குப் பிறகு வருகிறது. யாரோ ஓர் ஏழைக் கிழவரைப் பிடித்து, இவன்தான் அந்தப் பழைய கைதி வால்ழான் என்று வழக்குத் தொடுக்கிறார்கள். மதலேன் பேசாமல் இருந்தால் போதும். பழைய பெயர் நிரந்தரமாகப் புதைந்துபோகும். என்னை நம்பி ஆயிரம் பேர் பிழைக்கிறார்களே என்ற நியாயமும் கையில் இருக்கிறது. ஒரு இரவு முழுவதும் மனச்சாட்சியோடு போராடிவிட்டு, மறுநாள் நீதிமன்றம் போய், நான்தான் அந்தக் கைதி என்று எழுந்து நிற்கிறார். மேயர் பட்டம், சொத்து, நல்ல பெயர் எல்லாம் போகிறது. ஆயர் வீட்டில் தொடங்கிய மனமாற்றம் அன்றுதான் மெய்யானது. தன்னைப் பற்றிய நல்ல பிம்பத்தைக் காப்பாற்ற இன்னொருவரைப் பலிகொடுக்க மாட்டேன் என்று அவர் முடிவெடுத்தார்.

எரிகோவில் சக்கேயுவுக்கும் இதுதான் நடந்தது. ஊர் அவரைப் பாவி என்றே அழைத்தது. ஆண்டவர் மரத்தடியில் நின்று பெயர் சொல்லி அழைத்து, அவர் வீட்டுக்கே விருந்துக்குப் போனார். சக்கேயு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு எழுந்து நின்றார். யாரால் யாருக்கு நட்டம் என்று பார்க்கும் இடத்தில்தான் மனமாற்றம் தெரியும்.

இனி ஜாவருக்கு வருவோம். அவர் கெட்டவர் அல்ல. லஞ்சம் வாங்காதவர், கடமை தவறாதவர். "நான் சரியானவன், அவன் குற்றவாளி" என்ற இரண்டு பெயர்களின்மேல் தன் வாழ்க்கையையே கட்டியிருந்தார். அந்தக் குற்றவாளியே ஒரு நாள் தன் உயிரைக் காப்பாற்றியபோது, அந்த இரக்கத்தை ஏற்க அவரால் முடியவில்லை. ஆற்றில் விழுந்து உயிரை விட்டார். நம்மில் கோவிலுக்குத் தவறாமல் வருகிறவர்களுக்கு வால்ழானைவிட ஜாவரின் ஆபத்துதான் அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்கள். உங்களோடு வேலை செய்கிற ஒருவரை "ஏ, ஓவர்லாக்கு", "இந்திக்காரா" என்று கூப்பிடுவதை விட்டு, அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி அழையுங்கள். நீங்கள் சூப்பர்வைசராகவோ முதலாளியாகவோ இருந்தால், உங்கள் பெயரைச் சொல்லி யார் அனுப்பப்பட்டார்கள், ஏன் அனுப்பப்பட்டார்கள் என்று விசாரியுங்கள். திருப்பி அழைக்க வேண்டியவர் இருந்தால் அழையுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் கொடுங்கள்.

நான் எதற்கும் உதவாதவன், டேமேஜ் பீஸ் என்று தன்னைத்தானே ஒதுக்கிவைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் உங்களுக்கு ஒட்டிய பெயர் எதுவானாலும், ஆண்டவர் உங்களைச் சகோதரன், சகோதரி என்றுதான் அறிந்திருக்கிறார். கதவைத் தட்டுங்கள். சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

இறைவன் உங்களையும், உங்கள் குடும்பங்களையும், நீங்கள் உழைக்கும் இடங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.