கோபுரக் கலசத்தில் மட்டும் இருந்தா போதாது, விதை வயலில் இருக்கணும்!

(காஞ்சிபுரத்தில் நடந்த நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவு கூட்டத்தில், தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். கோபுரக் கலசத்துக்குள்ள வரகு நிரப்புவாங்க, 12 வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கில் மாத்துவாங்க, அதுதான் நம்ம முன்னோர்களோட விதை வங்கின்னு. கோயில் நகரம் நம்ம ஊரு, இந்த மெசேஜ் வராத குரூப்பே கிடையாது. கலசத்தில் தானியம் நிரப்புறது உண்மைதான். நான் கேட்கிறது ஒரே கேள்வி. 12 வருஷம் கழிச்சு புதுசா நிரப்ப வரகு எங்கிருந்து வரும்? யாரோ ஒரு விவசாயி விதைச்சிருந்தாத்தானே வரும்?

இன்னிக்கு நான் பேச வந்தது இதுதான். விதையைப் பூட்டி வெச்சு மட்டும் காப்பாத்த முடியாது. விதைச்சு, அறுத்து, சாப்பிட்டு, திரும்ப விதைக்கணும்.

நான் படிச்சது இன்ஜினியரிங். எல்லா டேட்டாவையும் ஒரே சர்வரில் வெச்சு, பேக்கப் எடுக்காம விட்டா என்ன ஆகும்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உலகம் இப்போ சாப்பாட்டை அப்படித்தான் வெச்சிருக்கு. உணவுக்காகப் பயிரிடப்படும் தாவரங்கள் சுமார் 6,000. ஆனா மொத்தப் பயிர் உற்பத்தியில் 66 சதவீதம் வெறும் 9 பயிர்களில் இருந்து வருதுன்னு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019-ல் சொன்னது.

சர்வர் டவுன் ஆன கதையும் இருக்கு. 1970-களில் ஆசிய நாடுகள் பலவற்றில் நெற்பயிரைப் புல் மாதிரி குட்டையாக்குற ஒரு வைரஸ் நோய் பரவுச்சு. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதிச்சது. நோயைத் தாங்கும் சக்தி கிடைச்சது, நம்ம உத்தரப் பிரதேசத்தில் சேகரிச்ச ஒரு காட்டு நெல்லில்தான். யாருமே சாப்பாட்டுக்கு மதிக்காத நெல்!

2015 டிசம்பர் வெள்ளத்தை நாம யாரும் மறக்கல. இன்னிக்கு ரெண்டு வாரம் வரைக்கும் தண்ணிக்குள்ள மூழ்கினாலும் பிழைக்கிற 'சுவர்ணா சப்-1', 'சி.ஆர். 1009 சப்-1' நெல் ரகங்கள் இருக்கு. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையா பயிரிட்ட ஒரு நாட்டு நெல்லில் இருந்து. ஜீனைக் கண்டுபிடிச்சது லேப். அதுவரைக்கும் காப்பாத்தி வெச்சிருந்தது வயல்.

நம்ம மண்ணுக்கு வருவோம். இது ஏரிகளை நம்பி வாழும் மாவட்டம். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு பட்டம் பார்த்து விதைச்ச ஊர். தண்ணி குறைவா இருந்தா ஏறத்தாழ 90 நாளில் வீட்டுக்கு வர்ற பூங்கார் இருக்கு. ஆளை மறைக்கிற உயரம் வளரும் காட்டுயாணத்துக்கு 180 நாள். பக்கத்து ஊர் பேரிலேயே செங்கல்பட்டு சிறுமணி இருக்கு. 2019-ல் மாவட்டம் பிரியும் வரைக்கும் அதுவும் நம்ம மாவட்டத்து நெல்தான். இங்க எத்தனை பேர் அதைச் சாப்பிட்டிருக்கோம்?

பசுமைப் புரட்சியைத் திட்டுறது ஈஸி. ஆனா 1960-களில் பசி இருந்தது, 1966-ல் வந்த ஐ.ஆர். 8 மாதிரி குட்டை ரகங்கள் வயித்தை நிரப்புச்சு. அதை மறைச்சுப் பேசினா நாம நேர்மையா பேசல. மகசூல் தர்ற ரகம் இருக்கட்டும். அது மட்டுமே இருக்கிறதுதான் பிரச்சினை.

இதுக்கு வழி காட்டினவர் நெல் ஜெயராமன் அய்யா. நம்மாழ்வார் அய்யாவோட சீடர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். அவரோட சிஸ்டம் ரொம்ப சிம்பிள்: 2 கிலோ விதை வாங்கிட்டுப் போ, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கொடு. பூட்டு இல்லை, ஏசி இல்லை, ஒவ்வொரு விவசாயி வீடும் ஒரு பேக்கப். 2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதை இன்னும் வயலில் நிக்குது.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2001-ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 39-வது பிரிவு: விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. பதிவு செய்து பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டு போட்டு விற்கத்தான் கூடாது. விவசாய அணி இதை ஊர் ஊரா கொண்டு போகணும்.

அப்புறம் ஏன் விவசாயி விட்டுட்டார்? மகசூல் குறைவு, உயரமா வளர்ந்து சாயும், முக்கியமா வாங்க ஆள் இல்லை. நெசவாளர் குடும்பங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம். கைத்தறிப் பட்டுக்கு விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தாத்தான் தறி ஓடும். புவிசார் குறியீடு இருந்தும் தறி நின்ன வீட்டில் பிள்ளைக்கு அந்த வேலை தெரியாமப் போகுது. விதையும் அப்படித்தான். ஒரு தலைமுறை விட்டா, பேர் மட்டும்தான் மிஞ்சும்.

அதனால மூணு வேலை.

ஒண்ணு, நம்ம கூட்டம், அன்னதானம், வீட்டு விசேஷம் எதுவா இருந்தாலும் ஒரு வேளையாவது நாட்டு நெல்லோ, வரகோ, சாமையோ போடணும். மாவட்டத்து விவசாயிகிட்ட நேரா வாங்கணும், விதைக்கும் முன்னாடியே சொல்லி வெச்சு வாங்கணும்.

ரெண்டு, ரேஷன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறுதானியம் இருக்கு. 2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. காஞ்சிபுரத்துக்கும் கேட்போம். யார் ஆட்சியில் இருந்தாலும் கேட்போம்.

மூணு, ஐடி விங்குக்கு. கலசம் ஃபார்வர்டு போதும். இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் யார் எந்த நாட்டு ரகம் வெச்சிருக்காங்க, எவ்வளவு விதை தருவாங்கன்னு அவங்க சம்மதத்தோட ஒரு பட்டியல் எடுப்போம். ஆளுக்கு ஒரு ஊர். லைக்கை எண்ணுற நாம, இனி விதையையும் எண்ணுவோம்.



#நம்மவிதை #நாட்டுநெல் #காஞ்சிபுரம்