ஆறடி மண் யாருக்குப் போதும்?

(தோட்ட வாசகசாலையில் தொழிலாளர் முன் ஆற்றிய உரை)



விடியலில் பால் வெட்டப் போனவர்களும், கணக்கை மூடிவிட்டு வந்த கிராணிமாரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இச்சபையில், ருஷ்ய நாட்டுச் சிறுகதைகள் இரண்டைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். ஒன்றின் நாயகன் குடியானவன். மற்றொன்றின் நாயகன் சர்க்கார் குமாஸ்தா. இருவரும் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள்.

முதலில் அந்நாட்டின் நிலையை அறிந்துகொள்வோம். 1861-ஆம் ஆண்டு வரை ருஷ்யக் குடியானவர்களில் கோடிக்கணக்கானோர் பண்ணையடிமைகள். அவ்வாண்டு ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தர் அவர்களுக்கு விடுதலை அளித்தார். நிலம் இனாமாகக் கிடைத்ததா? இல்லை. பாட்டன் பூட்டன் உழுத மண்ணுக்கே 49 ஆண்டுத் தவணையில் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1907-இல்தான் அத்தவணை அடியோடு ரத்தாயிற்று. அத்தகைய ஏழை, தனக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று ஏங்கினால், அதைப் பேராசை என்று சொல்ல நமக்கு நா எழுமா?

இந்த ஏக்கத்தை வைத்து டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய கதைதான் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' என்பது. பாகோம் என்ற குடியானவன், குளிருக்கு அடுப்புத் திண்ணையின் மேல் படுத்தபடி, போதிய நிலம் இருந்தால் சாத்தானுக்கும் அஞ்சேன் என்கிறான். அடுப்பின் பின்னாலிருந்து சாத்தான் அதைக் கேட்டுவிடுகிறான்.

பாகோமின் துன்பம் என்ன? பக்கத்துச் சீமாட்டியின் பண்ணைக்குப் பழைய சிப்பாய் ஒருவன் காரியஸ்தனாக வருகிறான். குதிரை வயலில் புகுந்தால் அபராதம். பசு தோட்டத்தில் நுழைந்தால் அபராதம். பாகோம் அபராதம் கட்டிக் கட்டி நொந்து, வீட்டில் மனைவி மக்கள் மேல் எரிந்து விழுகிறான். பிறகு சீமாட்டி நிலத்தை விற்கப் போவதாகச் செய்தி வருகிறது.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஊரார் கூடி, அந்நிலம் முழுவதையும் எல்லோருக்கும் பொதுவாக வாங்கலாம் என்று பேசுகிறார்கள். இரண்டு முறை கூட்டம் நடக்கிறது. சாத்தான் நடுவில் புகுந்து கலகம் மூட்டுகிறான். ஒற்றுமை ஏற்படவில்லை. அவனவன் தன் சக்திக்கு ஏற்ப வாங்கிக்கொள்வது என்று கலைந்து போகிறார்கள்.

பாகோம் சுமார் 40 ஏக்கர் வாங்குகிறான். எப்படி? குதிரைக்குட்டியையும் தேனீக்களில் பாதியையும் விற்கிறான். மகனைக் கூலிக்கு அனுப்பி முன்பணம் வாங்குகிறான். மைத்துனனிடம் கடன் படுகிறான். அடுத்து நடப்பது என்ன? அயலாரின் மாடு அவன் புல்லை மேய்கிறது. முதலில் பொறுக்கிறான்; பின்பு கோர்ட்டுக்குப் போய் அபராதம் போட வைக்கிறான். அபராதத்தால் அழுதவன் அபராதம் விதிப்பவனாகிவிட்டான்!

அதன் பிறகு ஊரில் நிம்மதி இல்லை. வோல்கா நதிக்கு அப்பால் போகிறான், முன்னைவிட அதிக நிலம், அதுவும் போதவில்லை. கடைசியில் பாஷ்கீர் மக்களின் புல்வெளி. 1,000 ரூபிள் கொடுத்தால் ஒரு நாள் நடந்து சுற்றும் நிலம் முழுவதும் அவனுக்கு. சூரியன் மறையுமுன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னும் கொஞ்சம், அந்தப் பள்ளத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்று நடக்கிறான். திரும்பும்போது ஓடுகிறான். வந்து சேர்ந்த இடத்திலேயே விழுந்து மடிகிறான். வேலைக்காரன் அவனுக்குக் குழி வெட்டுகிறான். தலை முதல் கால் வரை ஆறடி.

இக்கதையைச் சொல்லி, "ஏழையே, ஆசைப்படாதே, ஆறடி போதும்" என்று போதிப்போர் உண்டு. அவர்களுக்கு 1898-லேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. அது செக்காவ் எழுதிய 'நெல்லிக்கனிகள்'. செக்காவின் பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து பணம் கட்டி விடுதலை பெற்றவர்.

அக்கதையில் நிக்கொலாய் என்ற குமாஸ்தா, நெல்லிச் செடிகள் உள்ள சிறு பண்ணை வேண்டும் என்று பல்லாண்டு கனவு காண்கிறான். வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறான். பணத்துக்காக ஒரு விதவையை மணந்து, அவளையும் அரைப்பட்டினி போடுகிறான். மூன்றாண்டுக்குள் அவள் இறந்துபோகிறாள். பண்ணை கிடைக்கிறது. நெல்லிக்கனி புளிக்கிறது, அவனோ ஆனந்தக் கண்ணீரோடு தின்கிறான்.

அதைப் பார்த்த அண்ணன் மனம் குமுறிச் சொல்வதன் சாரம் இதுதான்: ஆறடி மண் பிணத்துக்குப் போதும், உயிருள்ள மனிதனுக்கு உலகம் முழுவதும் வேண்டும். ஊரையும் போராட்டத்தையும் விட்டுத் தன் வேலிக்குள் ஒளிந்துகொள்பவனும் அந்த ஆறடிக்குள் படுத்தவனே.

இரு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒன்று தெளிவாகிறது. நிலத்தை விரும்பியது பாகோமின் குற்றமல்ல. அயலானைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் பிழைக்கலாம் என்று எண்ணினானே, அங்கேதான் அவன் குழி தோண்டப்பட்டது. பாஷ்கீர் வெளியில் தோண்டியது மண்ணை மட்டுமே.

சாத்தான் கெட்டிக்காரன். அவன் பாகோமிடம் முதலில் போகவில்லை; ஊர்க்கூட்டத்துக்குப் போனான். இரண்டு கூட்டம் கலைந்ததும் அவன் வேலை பாதி முடிந்தது. "மூன்றாம் முறையும் கூடுவோம், சேர்ந்தே வாங்குவோம்" என்று எழுந்து நிற்க அந்த ஊரில் ஒருவனும் இல்லை.

நம் சபையில் அப்படி ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.