நூறு யூனிட் என்று போஸ்டர் அடிக்கும் முன்

(ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினத்தன்று தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் தலைவர் பிறந்தநாள். ரத்ததான முகாம் வேலைகள் ஆரம்பிச்சாச்சு. "எங்க ஒன்றியம் நூறு யூனிட், உங்க ஒன்றியம் எவ்வளவு?"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டியும் ஆரம்பிச்சாச்சு. இதுக்கு நடுவுல ஹீமோபிலியா பற்றி ஏன் பேசுறேன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

ஹீமோபிலியா என்பது ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும். அடிபடாமலேயே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். குறைகிற அந்த 'ஃபேக்டரை' ஊசி மூலம் ஏற்றுவதுதான் சிகிச்சை. 1970களில் அது மனித பிளாஸ்மாவில் இருந்துதான் வந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, பொடியாக்கி, பாட்டிலில் அடைத்தார்கள்.

இன்ஜினியரிங் புத்தி, கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் வைரஸ் இருக்குன்னு வைங்க. இருபதாயிரம் பேர் பிளாஸ்மாவைக் கலந்தால், அதில் வைரஸ் இருக்க வாய்ப்பு சுமார் 86 சதவீதம்!

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்க. உள்நாட்டு ரத்தத்திலேயே தன்னிறைவு அடைவோம் என்று 1975-ல் அமைச்சர் டேவிட் ஓவன் அறிவித்தார். நடக்கவில்லை. அமெரிக்காவில் இருந்து இறக்குமதி செய்தார்கள். அங்கே காசுக்காக பிளாஸ்மா கொடுத்தவர்களும் சிறைக் கைதிகளும் அதில் அடக்கம். 1983 மே மாதம் டாக்டர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த் என்ற தொற்றுநோய்க் கண்காணிப்பு அதிகாரி, 1978-க்குப் பிறகு அமெரிக்காவில் எடுத்த ரத்தத்தில் தயாரான பொருட்களை நிறுத்துங்கள் என்று சுகாதாரத் துறைக்கு எழுதினார். நிறுத்தவில்லை.

ரத்தப்போக்கு நோய் உள்ள சுமார் 1,250 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அதில் ஏறக்குறைய 380 பேர் குழந்தைகள். ட்ரிலோர் என்ற உண்டு உறைவிடப் பள்ளியில் 1970 முதல் 1987 வரை ஹீமோபிலியா உள்ள 122 மாணவர்கள் படித்தார்கள். இன்று உயிரோடு இருப்பவர்கள் சுமார் 30 பேர். ஹெபடைடிஸ் சி பாதிப்பு இதைவிடப் பல மடங்கு.

கன்சர்வேடிவ், லேபர் இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டன. அன்றைக்கு இருந்ததில் நல்ல சிகிச்சையைத்தான் கொடுத்தோம் என்ற அதே பதிலைத்தான் இரண்டும் சொல்லின. சர் பிரையன் லாங்ஸ்டாஃப் விசாரணை அறிக்கை 2024 மே 20-ல் வந்தபோது பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இது தற்செயல் விபத்து அல்ல, சில ஆவணங்கள் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன என்றது அந்த அறிக்கை. ஆட்சிக்கு வர நினைக்கிற எந்தக் கட்சிக்காரனும் அதைப் படிக்கணும்.

இன்னொரு விஷயம். ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெல் பிறந்தநாள். ஏற்றிக்கொண்ட மருந்தில் வந்த எய்ட்ஸால் 1987-ல் இறந்தார்.

இன்று ஃபேக்டர் மருந்தில் வைரஸை அழிக்கும் முறைகள் இருக்கு. ரத்தமே இல்லாமல் தயாராகும் ஃபேக்டரும் இருக்கு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்குது. ஆனா ஃபேக்டர் கிடைக்காத அவசரத்துல ஏற்றுகிற பிளாஸ்மாவும் கிரையோவும் பெரும்பாலும் ரத்த வங்கிப் பையில் இருந்து நேராக வருபவை. அங்கே பாதுகாப்பு ரெண்டே ரெண்டுதான்: பரிசோதனை, கொடுப்பவரின் உண்மை. தொற்றின ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அப்போ மிச்சம் உண்மை மட்டும்தான்.

போன வருஷம் எங்க முகாமில் ஒரு பையன் "வேணாம்ணே"ன்னு தயங்கினான். "ஊசிக்குப் பயமாடா?"ன்னு நாலு பேர் கேலி பண்ணி உட்கார வைச்சோம். அதுல நானும் ஒருத்தன். ஏன் தயங்கினான்னு யாருமே கேட்கல. கேட்டிருந்தாலும் அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருப்பானா?

அதனால மாவட்டப் பொறுப்பாளர்களே, இந்த முறை யூனிட் இலக்கு வேண்டாம். கேள்விப் படிவம் நிரப்ப மறைவா ஒரு இடம் கொடுங்க. அங்கே ரத்த வங்கி ஊழியர் தவிர நம்ம ஆள் ஒருத்தரும் நிற்கக் கூடாது. வேணாம்னு எழுந்து போறவரை ஏன்னு கேட்காதீங்க, அவருக்கும் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புங்க. கொடுத்துட்டுப் போனப்புறம் மனசு உறுத்தினா கூப்பிட, ரத்த வங்கியின் நம்பரை ஒவ்வொருத்தர் கையிலும் கொடுங்க. போஸ்டர் டிசைன் நாளைக்குக் குரூப்ல வரும். அதுல எண்ணிக்கை இருக்காது.